பெயர் சொல்லாத ஜெபக்குறிப்பு

ஒரு பெண்ணின் நல்ல பெயர் என்ன விலைக்குப் போகும் என்று கேட்டால் என்னால் சரியாகச் சொல்ல முடியும். ஒரு பிளேன்டீ, அதோடு ஆறு பேருடைய சிரிப்பு. விற்றவன் நான். பொருள் என்னுடையதல்ல என்பது விற்கிற நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

என் பெயர் கண்ணப்பன். கொழும்பு புறக்கோட்டையில் துணிக்கடை. எங்கள் வீட்டில் குழந்தை நடக்கப் பழகும் முன்பே பேரம் பேசப் பழகிவிடும். பதினொரு வருடத்துக்கு முன் என் மனைவி மீனாளுக்கு வயிற்றில் இருந்த கட்டி கரைந்தது. அவள் கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னச் சபையில் சேர்ந்தாள். பின்னாலேயே நானும் போனேன். திருநீற்றை விட்டேன், வெற்றிலையை விட்டேன். வாயை மட்டும் விடவில்லை. "கண்ணப்பன் பிரதர் வந்தா சிரிச்சே வயிறு வலிக்கும்" என்று சபையில் சொல்வார்கள். ஞானஸ்நானம் எடுத்ததைவிட அது எனக்குப் பெருமை.

எங்கள் சபையில் ஓர் ஒழுங்கு உண்டு. புதன்கிழமை உபவாச ஜெபத்தில் யாருடைய கஷ்டத்தையும் ஜெபக்குறிப்பாகக் கொடுக்கலாம். பெயர் மட்டும் சொல்லக் கூடாது. புறங்கூறுதலைத் தடுக்க பாஸ்டர் மெல்ரோய் வைத்த ஒழுங்கு. ஆகவே நாங்கள் பெயரை விட்டுவிட்டு, ஊர், தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை, புருஷன் ஓடிப்போன நாடு எல்லாவற்றையும் ஆண்டவரிடம் சொல்வோம். ஆண்டவர் வீடு மாறிப் போய்விடக் கூடாதே. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறக்கும்போது ஆள் யாரென்று அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கும்.

அந்தப் புதன்கிழமை மீனாள் எழுந்தாள்.

"வெள்ளவத்தையில சோத்துப் பார்சல் கொடுத்துப் பொழைக்கிற ஒரு சகோதரி. புருஷன் இல்ல, ஒரு பொம்பளப் பிள்ளை. மூணு வாரமா இருமல். கிளினிக்ல சளி எடுத்திருக்காங்க. காசநோயா இருக்குமோன்னு பயப்படுறா. ஜெபத்துல தாங்குவோம்."

எங்கள் சபையில் சோற்றுப் பார்சல் கொடுப்பவள் ஒருத்திதான். ஆரணி. யாழ்ப்பாணத்துப் பெண். வீட்டிலேயே சமைத்து, தினமும் முப்பத்தெட்டுப் பார்சல் ஓட்டோவில் ஏற்றி அனுப்புவாள். பாதி எங்கள் கடைத்தெருவுக்கு. மீதி கோட்டையில் வேலை செய்கிற சபை ஆட்களுக்கு. வாடகையும் மகளின் படிப்பும் அதில்தான் ஓடின. மீனாளிடம் இருமலைப் பற்றிச் சொன்னபோது, "அக்கா, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. ஜெபிச்சுக்கொள்ளுங்கோ, அது காணும்" என்றிருக்கிறாள். இரண்டாவதை மீனாள் தட்டாமல் செய்தாள்.

மறுநாள் மதியம் பார்சல்கள் வந்து துணி வெட்டும் மேசையில் இருந்தன. பக்கத்துக் கடை தாஸிம் நானா, மூட்டை தூக்கும் நாட்டாமி இராமர், என் கடை ஆட்கள் நாலு பேர்.

"மெதுவா அவிழுங்கப்பா," என்றேன். "ஆரணி இன்னைக்கு ஆஃபர் போட்டிருக்கு. பார்சல் ஒன்னு வாங்கினா காசநோய் ஃப்ரீ."

இராமரின் கை சோற்றிலேயே நின்றது. "என்னங்க மொதலாளி சொல்றீங்க?"

"நீ சாப்பிடு. உன் நெஞ்சு பூரா மூட்டைத் தூசு. கிருமி வந்தாலும் குடியிருக்க ரூம் இல்ல."

தாஸிம் நானா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "இந்த மனுசன்ட வாய்க்கு அரசாங்கம் வரி போடோணும்!" என்று எனக்கு ஒரு பிளேன்டீ சொல்லி அனுப்பினார்.

அன்று எல்லோரும் சாப்பிட்டார்கள். மறுநாள் இராமர் வீட்டிலிருந்து ரொட்டி கொண்டுவந்தான். தாஸிம் நானாவுக்குத் திடீரென்று வயிறு சரியில்லை. கோட்டைக்காரர்களுக்கு ஜெபக்குறிப்பு ஏற்கெனவே தெரியும். என் ஆஃபரும் அதன் பின்னாலேயே போய்ச் சேர்ந்தது. திங்கட்கிழமை ஓட்டோவில் வந்த பார்சல் ஒன்பது.

புதன்கிழமை ஆரணியே கடைக்கு வந்தாள். ஒரு போட்டோகொப்பியை மேசையில் வைத்தாள்.

"கிளினிக் ரிப்போர்ட் அண்ணா. சளியில ஒண்டுமில்லை. வெறும் அலர்ஜியாம். வாசிச்சுப் பாருங்கோ."

"ரொம்ப நல்லதும்மா. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்."

"ஸ்தோத்திரம் பிறகு சொல்லலாம். ஃப்ரீ எண்டு சொன்னது நீங்கள் தானே?"

"அது சும்மா ஒரு விளையாட்டுக்கு..."

"ஓம், விளங்குது. ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில எழும்பி, விளையாட்டுக்குச் சொன்னது எண்டு சொல்லுங்கோ. என்ர பெயரையும் சொல்லுங்கோ, உங்கட பெயரையும் சொல்லுங்கோ. சபைச் சனம் திரும்பி எடுத்தாலே நான் நிமிர்ந்திடுவன். இந்த மாசம் தாண்டினா ஏலாது."

நான் வியாபாரி. மனம் உடனே மலிவான வழி தேடியது. "அதெல்லாம் எதுக்கும்மா சங்கடம்? ஒரு மாசத்துக்கு டெய்லி இருபது பார்சல் நானே எடுத்துக்கிறேன். சரி, இருபத்தஞ்சு."

"அண்ணா," என்றாள் அவள், "நான் இப்ப சோறு விக்க வரேல்லை."

சரி, சொல்கிறேன் என்றேன். சொல்லத்தான் நினைத்தேன். சனிக்கிழமை மீனாள் உடுப்பு மடித்துக்கொண்டே கேட்டாள்: "நீங்க எழுந்து ஆரணி பேரைச் சொன்னா, ஜெபக்குறிப்புல அவளைக் காட்டிக் கொடுத்தது நான்னு ஆயிடும்ல? அப்ப நான் எங்க போய் முகத்தை வைக்கிறதுங்க?"

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் மெல்ரோய் பிரசங்கித்தது நாக்கைப் பற்றித்தான். யாரோ சொல்லிக் கொடுத்ததுபோல் இருந்தது. "பிரியமானவர்களே, விளையாட்டாப் பேசின பேச்சுக்கும் ஒரு நாள் மேல விசாரணை இருக்கு. சும்மாதான் சொன்னேன் எண்ட பதில் அங்க எடுபடாது. பக்தியில்லாத பேச்சு வெறி நாய் மாதிரி. கடிபட்டவரும் போய் இன்னொருவரைக் கடிப்பார்."

சாட்சி நேரம் வந்தது. எழுந்தேன். கடைசி வரிசையில் ஆரணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மீனாள் தலையைக் குனிந்துகொண்டாள். மற்றவர்கள் சிரிப்பதற்கு ஆயத்தமாக முகத்தை வைத்திருந்தார்கள்.

"ஒரு ஜெபக்குறிப்பு," என்றேன். "ஒரு சகோதரன், விளையாட்டுப் புத்தியில, ஒரு சகோதரியைப் பத்தி உண்மையில்லாத ஒன்னச் சொல்லிட்டார். ரொம்ப வேதனையில இருக்கார். அந்தச் சகோதரனுக்காக ஜெபிப்போம்."

சபை முழுவதும் ஆமென் என்றது. பாஸ்டர் என் தோளில் கை வைத்து, "இன்னொருத்தருடைய பாவத்துக்காகக் கண்ணீர் விடுற மனசு, அது கிருபை" என்றார். நான் மறுக்கவில்லை. கண்ணை மூடி ஜெபித்து, திறந்தபோது கடைசி வரிசையில் அவள் இல்லை.

வாசலில் தேநீர் கொடுக்கும்போது ஆள் தேடும் வேலை தொடங்கிவிட்டது. "யாரு பிரதர் அது? வத்தளை விஷ்வாவா? அவன் வாய் ஒரு மாதிரி" என்று ஒருவர் காதைக் கடித்தார். விஷ்வா வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. நன்றாகப் பாடுவான், கொஞ்சம் சத்தமாகச் சிரிப்பான். "நான் பேர் சொல்லக் கூடாதே" என்றேன். அவர் எல்லாம் புரிந்ததுபோல் தலையாட்டினார். அடுத்த ஞாயிறு விஷ்வாவின் இரண்டு பக்கமும் நாற்காலி காலியாக இருந்தது.

ஆரணியின் ஓட்டோ அதற்குப் பிறகு வரவில்லை. மீனாள் தொலைபேசியில் கேட்டாள். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"கேஸ் சிலிண்டரைக் குடுத்திட்டன் அக்கா. வத்தளையில ஒரு ஃபக்டரியில பாக்கிங் வேலை. எல்லாரும் மாஸ்க் போட்டிருக்கினம், ஒருத்தரும் ஒருத்தரோடும் கதைக்கிறேல்லை. நல்ல இடம்."

"அவர் உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு..."

"மன்னிப்பு நான் அண்டைக்கே குடுத்திட்டன். அது என்ர பாடு. சனத்துக்குச் சொல்லுறது அவற்ர பாடு."

அன்று மாலையே போட்டோகொப்பியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். தாஸிம் நானா வாசித்துப் பார்த்துவிட்டு, "அல்லாஹ்வே, நோய் இல்லாத புள்ளையையா செல்லினீங்க?" என்றார். தாளை என் கையில் திருப்பித் திணித்தார். இராமர், "நெசமாவா மொதலாளி? இல்ல இதுவும் ஜோக்கா?" என்று கேட்டான். எவ்வளவு சொல்லியும் சிரித்துக்கொண்டேதான் கேட்டான். நான் நேராகப் பேசினால் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது.

கணக்கு இதுதான். கடையில் கேட்டவர்கள் ஆறு பேர். ஆறு பேரிடமும் என் பெயரையும் அவள் பெயரையும் சொல்லி, பேசியது பொய் என்று சொல்லியாயிற்று. நம்பியவர்கள் இரண்டு பேர். அவர்களுக்கும் இப்போது வாங்கப் பார்சல் இல்லை. அந்த ஆறு பேர் வேறு எத்தனை பேருக்குச் சொன்னார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. அதை எழுத முடியாது. சபையில் என்னையும் மீனாளையும் ஆரணியையும் நீக்கினால் அறுபத்துநாலு பேர். அவர்களில் ஒருவரிடமும் இதுவரை சொல்லவில்லை. அறுபத்துநாலும் பாக்கி. விஷ்வாவும் அதில்தான் வருகிறான்.