தேதி எழுதாத ஒன்பது முட்டைகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கோழிக்கூட்டைத் திறந்து போட்டது நான்தான். அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் கோழிகளை அடைத்துக் கொக்கியில் குச்சியைச் செருகிவிட்டுத்தான் போனார். உள்ளே ஒரு முட்டை விட்டுப்போயிருந்தது. அதை எடுக்க நான் மறுபடி திறந்தேன். அதற்குள் சட்டைக்கு அளவு கொடுக்க ஒருவர் வாசலில் வந்து நின்றுவிட்டார். முட்டை ஒரு கையில், குச்சி மறு கையில் என்று அப்படியே ஓடினேன். காலையில் பார்த்தால் கதவு ஆடிக்கொண்டிருந்தது. நாலு கோழி இருந்தது, டீச்சரம்மாவைக் காணோம். சுவரோரம் கொஞ்சம் இறகு கிடந்தது.

டீச்சரம்மா என்பது எங்கள் பழுப்புக் கோழி. மற்றவற்றை வரிசையில் நிறுத்திவைத்தமாதிரி முன்னும் பின்னும் நடப்பாள், அதனால் அந்தப் பெயர். அவளை நான் மடியில் வைத்துக்கொண்டே காஜா எடுத்திருக்கிறேன். இறகைப் பார்த்ததும் அழுதுகொண்டே உட்கார்ந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து அவர் பல் தேய்த்துக்கொண்டே வந்தார்.

"ஒரு குச்சி செருகத் தெரியாதா உங்களுக்கு? நாய்க்குத் தாரை வார்த்துட்டீங்களே!"

"செருகின ஞாபகம்தான்..." என்றார்.

"ஞாபகமாம் ஞாபகம்!"

இவர் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவர். பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதிப்பவர்களிடம்கூட "பரவால்ல, பரவால்ல" என்று சொல்லியே பழகிய மனுஷன். வாய் கொப்பளித்துவிட்டுப் போனார். எனக்கு அப்போதே தெரியும், தப்பு என்னுடையது. ஆனால் வாயிலிருந்து வந்துவிட்டதே, எப்படித் திரும்ப விழுங்குவது? மறுநாள் கொக்கியில் புதிதாக ஒரு குச்சி சீவிச் செருகியிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது. அதற்கும் சேர்த்து அவரிடமே எரிந்து விழுந்தேன்.

எங்கள் வீட்டில் முட்டைக்கு ஒரு சட்டம் உண்டு, போட்டதும் நான்தான். எடுத்த அன்றே பென்சிலால் தேதி எழுத வேண்டும். தேதி இல்லாத முட்டை தண்ணீர்ப் பரீட்சைக்குப் போகும். படுத்தால் புதுசு, நிமிர்ந்து நின்றால் சீக்கிரம் சமைத்துவிட வேண்டியது, மிதந்தால் குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டியது. டீச்சரம்மா காணாமல் போவதற்குப் பத்து நாள் முன்பிருந்தே முட்டை வரத்துக் குறைந்திருந்தது. அவளுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

பதினெட்டு நாள் போயிற்று. அன்று அவருக்கு லீவு. ஜாக்கி எடுக்கப் பின்கட்டுக் கொட்டகைக்குப் போனவர் தொப்பி நிறைய முட்டையோடு சமையலறைக்கு வந்தார்.

"உன் வெட்டுத்துணி மூட்டைக்குப் பின்னாடி இருந்துச்சும்மா. ஒன்பது. ஒண்ணுலயும் தேதி இல்ல."

வாளியில் தண்ணீர் பிடித்து, அடிபடாமல் ஒவ்வொன்றாக விட்டார். அத்தனையும் மிதந்தன. "போச்சு, எல்லாம் கெட்டுப்போச்சு" என்று மண்வெட்டியைத் தேடிப் போனார்.

வாளியைத் தூக்கி வைக்கலாம் என்று குனிந்தேன். ஒரு முட்டை லேசாக ஆடியது. நான் கை வைத்ததால் இருக்கும் என்று அசையாமல் நின்றேன். தண்ணீர் அடங்கியது. முட்டை மட்டும் திரும்பவும் ஆடியது. பக்கத்தில் இன்னொன்றும் ஆடியது.

"என்னங்க! மண்வெட்டியைப் போட்டுட்டு ஓடி வாங்க! உசுரு இருக்குங்க, உள்ள உசுரு இருக்கு!"

"எடுக்கறப்போ வெதுவெதுன்னு இருந்துச்சு. வெயில்ல சூடாயிருக்கும்னு நெனச்சேன்."

"கொட்டகைக்குள்ள ஏதுங்க வெயிலு?" என்று தலையில் அடித்துக்கொண்டேன். அடைகாத்த முட்டையும் கடைசி வாரத்தில் மிதக்கும் என்பது என் சட்டத்தில் இல்லாமல் போயிற்றே. ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையில் ஒற்றித் துடைத்தேன். அப்போது கொட்டகைப் பக்கமிருந்து ஒரு அலறல் கேட்டது. எனக்குத் தெரியாத குரலா அது!

டீச்சரம்மாதான். பாதியாக இளைத்து, மார்பில் இறகு உதிர்ந்து, காலிக் குழியைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். தினம் நான் மெஷினில் உட்காரும் நேரம் பார்த்து இரை தேட வெளியே வந்திருக்கிறாள், கள்ளி. முட்டைகளைக் குழியில் திருப்பி வைத்த கையிலேயே நறுக்கென்று கொத்தினாள். கொத்தடி என் தங்கமே, நல்லாக் கொத்து என்று அழுதேன். அவள் இறகை உப்பிக்கொண்டு முட்டைகள் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்கப்புறம் மூன்று நாள் எனக்குத் தையல் ஓடவில்லை. ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்தேன். தண்ணீரில் போட்டோமே, குளிர்ந்திருக்குமோ, செத்திருக்குமோ என்று அரித்துக்கொண்டே இருந்தது. அவரும் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

மூன்றாம் நாள் காலை என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். கொட்டகையில் இரண்டு பேரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தோம். டீச்சரம்மாவின் வயிற்றுக்கடியிலிருந்து கீச்கீச்சென்று சத்தம் வந்தது. இறகுக்கு நடுவே ஒரு மஞ்சள் தலை எட்டிப் பார்த்தது, அப்புறம் இன்னொன்று. பக்கத்து வீட்டுச் சேவல் சுவர் ஏறிக் குதித்து வந்தது வீண்போகவில்லை. ஒன்பதில் ஏழு பொரிந்திருந்தன. அவர் சின்னப் பிள்ளை மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்தபின் என்னால் மறைக்க முடியவில்லை.

"என்னங்க, அன்னைக்குக் கூட்டைத் திறந்து போட்டது நான்தான். நீங்க இல்ல."

அவர் குஞ்சுகளிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும். முட்டைக்குத் தேதி எழுதப் பென்சில் எடுக்க உன் மெஷின் டிராயரைத் திறந்தேன். குச்சி அதுல கிடந்துச்சு. அன்னைக்குக் காலையிலயே பார்த்துட்டேன்."

"பார்த்துட்டீங்களா? அப்புறம் எதுக்குங்க புதுக்குச்சி சீவினீங்க? மூணு வாரம் என்கிட்ட அவ்வளவு பேச்சும் வாங்கினீங்களே, சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"நீயே அழுதுக்கிட்டு இருந்தே. இதை வேற சொன்னா, உன்னையே திட்டிக்க ஆரம்பிப்பே. அதான், என்னையே திட்டட்டும்னு விட்டுட்டேன்."

கொத்து வாங்கிய கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். டீச்சரம்மா எங்கள் இருவரையும் முறைத்துவிட்டு, எட்டிப் பார்த்த தலைகளை மறுபடி இறகுக்குள் தள்ளிக்கொண்டாள்.