எச்சில் சுருதி

பாட்டு வாத்தியாரின் நாற்காலிக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு எவர்சில்வர் கிண்ணம் இருக்கும். யாராவது சுரம் தவறினால் அதில் "த்தூ" என்று துப்புவார். ஒரு நாளில் இருபது தடவை, முப்பது தடவை. வகுப்பு முடிந்ததும் யார் அதிகம் தப்பு செய்தார்களோ அவர்கள்தான் அதைக் கொட்டிக் கழுவ வேண்டும். சிறுமியாக அவள் அவரிடம் படித்த ஆறு வருஷத்தில் பாதி நாள் அந்த வேலை அவள் தலையில்தான் விழுந்தது. நூல் நூலாக இழுபடும் கோழையைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டே கழுவுவாள். வீட்டில் சொல்லி அழுதபோது அப்பா, "கண்டிப்பு இல்லாம கலை வருமா?" என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிட்டார்.

கலை வந்தது. ஊசிமுனை அளவு சுருதி விலகினாலும் அவள் காது பிடித்துவிடும். நாற்பத்தாறு வயதில் தன் வீட்டு முன்னறையிலேயே வகுப்பு நடத்துகிறாள்.

புதன்கிழமைதோறும் ஒரு பஸ் டிரைவர் வருவார். வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்குள் ஒரு பாட்டையாவது முழுசாகப் பாடிவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. அன்றைக்கு மேலே ஏறும் ஓர் இடத்தில் குரல் வழுக்கியது. ஒரு தடவை, ரெண்டு தடவை. மூன்றாம் தடவை அவளையறியாமல் வந்தது.

"த்தூ!"

அவர் முழங்கையில் ஒரு துளி பளபளத்தது. பாட்டு நின்றது.

"டீச்சர்... என் மேலயா துப்பினீங்க?"

அவர் கைக்குட்டையால் முழங்கையைத் துடைத்து, அதை மடித்துப் பையில் வைக்கப்போனவர், என்ன நினைத்தாரோ, வாசலில் இருந்த குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் டிப்போவுக்கே போய்விட்டாள். அவர் பஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னை மன்னிச்சிடுங்க. எங்க வாத்தியார் அப்படித்தான் துப்புவார்."

"அவர் துப்பினது உங்களுக்குப் பிடிச்சிருந்துதா?"

"சீ! அருவருப்பா இருக்கும்."

"எனக்கும் அப்படித்தாம்மா இருந்துது. மன்னிச்சாச்சு. ஆனா இனி வரமாட்டேன்."

வீடு திரும்பியபோது கூடப் படித்த தோழி போனில் கூப்பிட்டாள். வாத்தியாருக்குப் பாராட்டு விழாவாம். முதல் மாணவியாக இவள்தான் பேச வேண்டுமாம்.

"நான் வரலைடி."

"என்னடி இது! அவர் இல்லேன்னா உனக்கு ஏது இந்தக் காது?"

"காதை மட்டுமாடி குடுத்தாரு? வாயையும் சேர்த்துல்ல குடுத்திருக்காரு!"

"நன்றி கெட்டவ!" என்று தோழி வைத்துவிட்டாள்.

அவள் குழாயடியில் நின்று வாயைக் கொப்புளித்தாள். பத்துத் தடவை கொப்புளித்தும் அது தன் வாயாகவே தோன்றவில்லை. நாலு மணி மாணவி வந்து உட்கார்ந்ததும், பாட்டைத் தொடங்கும் முன் சொன்னாள்:

"நான் எப்பவாவது துப்பினா, பாதிப் பாட்டா இருந்தாலும் எழுந்து போயிடு. புரியுதா?"

அந்தப் பெண் மிரண்டுபோய்த் தலையாட்டினாள்.