நெஞ்சுக்குள் ஒரு துண்டுத் துணி

உடும்பஞ்சோலை ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும்போது இரண்டு தடவை மயங்கி விழுந்தாள் கத்தரீனாள். இதயத்தில் ஓட்டை என்று வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. எழுபத்து நாலாம் வருஷம் தை மாதம் ஆபரேஷன் நடந்தது. ஓட்டையைத் துணி வைத்துத் தைத்து அடைத்துவிட்டதாக நர்ஸ் சொன்னதும், அவள் புருஷன் பாஸ்கல், "என்ன துணிம்மா?" என்று கேட்டான்.

"நீங்க போட்டிருக்கிற டெர்லின் சட்டை இருக்குல்ல, அதே ஜாதி நூல்தான்."

பாஸ்கல் குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டான். கல்யாணத்துக்கு எடுத்த சட்டை.

மாசியில் ஊர் திரும்பினார்கள். அதன்பிறகு பாஸ்கல் அவளை ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்க விடவில்லை. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அவனுக்கு வேலை. கஞ்சி வைத்து, விறகு பிளந்து போட்டுவிட்டுத்தான் கிளம்புவான். ஊர் வந்த மூன்றாம் நாளே அவள் அந்தச் சட்டையைக் கல்லில் அடித்துத் துவைத்தபோது ஓடிவந்து பிடுங்கினான்.

"மெதுவாக் கசக்குனாப் போதும்."

"ஏன், சட்டைக்கு வலிக்குமாக்கும்?" அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஆனி மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் பூசைக்குப் போட்டுப் போக, மாசியிலிருந்து பெட்டியிலேயே கிடந்த அந்தச் சட்டையை எடுத்து உதறினாள். முதுகுப்பக்கம் கீழே நாலு விரல் அகலத்துக்குத் துணி இல்லை. எலி கடித்ததல்ல; கத்தரியால் வெட்டியது.

"ஏங்க, இது யாரு செஞ்ச வேலை?"

பாஸ்கல் அவளை, அவர்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் ஓடைக்குக் கூட்டிப் போனான். தண்ணீருக்குள் ஒரு வேரில் அந்தத் துண்டைக் கட்டிப் போட்டிருந்தான்.

"எப்பக் கட்டுனீங்க?"

"வேலூர்லருந்து வந்த வாரம். தெனமும் வந்து பாத்துட்டுத்தான் போறேன். உனக்குள்ள அது ரத்தத்துல ஊறிக்கிட்டே கெடக்கே... எத்தன நாளு தாங்கும்னு தெரிய வேணாமா?"

அவள் திட்டவில்லை. துண்டை எடுத்துப் பிழிந்து, இரண்டு கையாலும் பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தாள். கிழியவில்லை.

"பாத்தீங்களா?"

"நாலு மாசந்தான ஆச்சு."

"நீங்க இப்படிப் பயந்து பயந்து செத்தா, எனக்குத்தான் நெஞ்சு அடிச்சுக்குது. ஆடியில டாக்டரப் பாக்கப் போறோம்ல? அவருகிட்டயே கேளுங்க."

கேட்டான். ஓடையில் துணி கட்டிப்போட்டதையும் ஒளிக்காமல் சொன்னான். டாக்டர் சிரிக்கவில்லை.

"துணி அழுகாது. ஆனா அதை மட்டும் நம்பி நாங்க வைக்கல. அதுல பொடிப்பொடியாக் கண்ணு இருக்கு. உடம்பு அதைப் பிடிச்சுக்கிட்டுச் சதையை வளர்த்து ரெண்டு பக்கமும் மூடிக்கும். வீடு கட்டச் சாரம் போடுறோமில்ல, அது மாதிரி. இந்நேரம் நல்லா மூடியிருக்கும்."

"அப்ப இப்ப அங்க இருக்கறது இவ சதைதானா டாக்டர்?"

"அவங்க சதைதான். வேலைக்குப் போகலாம், தண்ணியும் தூக்கலாம்."

கத்தரீனாள் புருஷனைப் பார்த்தாள். "காதுல விழுந்துச்சா?"

அடுத்த திங்கட்கிழமை அவள் காய் எடுக்கப் போனாள். முதல் நாள் மத்தியானம் பாஸ்கல் ஸ்டோரிலிருந்து நழுவி, தோட்டத்து ஓரம் நின்று பார்த்துவிட்டுப் போனான். மறுநாளும் வந்தான், மற்ற பெண்கள் கேலி செய்தார்கள். மூன்றாம் நாள் ஸ்டோரில் பச்சைக்காய் மலையாய் வந்து குவிந்தது. அன்றைக்கு அவனுக்குப் போய்ப் பார்க்கும் நினைப்பே வரவில்லை.