கரண்ட் கொம்பனிக்குப் பயணம் சொன்ன கதை

"அம்மா, ரெண்டாந்தரமும் குழம்பிப் போச்சு," என்றாள் அன்பரசி, லண்டனின் மறுகோடியில் எட்மண்டனிலிருந்து. "புதுக் கரண்ட் கொம்பனி இப்பதான் போன் எடுத்தது. உங்களை மாத்த ஏலாதாம்."

டூட்டிங் வீட்டில் சந்திரவதனா ரிசீவரை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டு, படிக்கட்டுக்குக் கீழே இருந்த மீற்றரை முறைத்துப் பார்த்தாள். எல்லா வில்லங்கமும் அதால்தான். முன்காசு கட்டினால்தான் கரண்ட் தரும் மீற்றர் அது; அதன் திறப்பை, சாவிபோன்ற அந்தத் துண்டை, கடைக்குக் கொண்டுபோய்க் காசு ஏற்றிவந்து செருகவேண்டும். மறந்தால் சொல்லாமல் கொள்ளாமல் வீடு இருண்டுவிடும். போன தையில் அன்பரசி குளிக்கும்போது அப்படித்தான் இருண்டது. தலை நிறைய நுரையோடு, வெந்நீரும் நின்று, பிள்ளை நடுங்கிக்கொண்டு நின்றாள்.

இப்போது அவளுக்கு ஏழு மாதம். பெற்றபின் முப்பத்தொரு நாளும் தாய்வீட்டில்தான் என்று பேச்சு. ஆனால் அவள் தெளிவாகச் சொல்லிவிட்டாள், "அந்த மீற்றர் கிடக்கிற வீட்டுக்குப் பச்சைப்பிள்ளையைக் கொண்டு வரமாட்டன். மாமியோடயே நிண்டிடுறன்." பழைய கொம்பனியைக் கேட்டால், மீற்றர் மாற்ற ஆறு மாதம் என்றது. புதுக் கொம்பனியோ, எங்களிடம் வாருங்கள், வந்த கிழமையே மாற்றுகிறோம் என்றது. அதற்காகத்தான் அன்பரசி இன்டர்நெட்டில் இரண்டு முறை படிவம் நிரப்பினாள்.

"ஏனாம் ஏலாது?"

"வீட்டுக்காரர் தானே பழைய கொம்பனிக்குப் போன் எடுத்து, நாங்கள் போகேல்லை, நிக்கிறம் எண்டு சொன்னவராம்."

"எந்த வீட்டுக்காரர்?"

"உங்கட வீட்டில எத்தினை வீட்டுக்காரர் அம்மா?"

குசினி மேசையில் போஞ்சிக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்த வாமதேவனின் கை நின்றது. சந்திரவதனா ரிசீவரை வைத்துவிட்டு வந்து எதிரே இருந்தாள்.

"இஞ்சருங்கோ, கரண்ட் கொம்பனிக்குப் போன் எடுத்தனீங்களோ?"

"ஓம்."

"ஏன்?"

"பயணம் சொல்ல."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இந்த மனிதர் பெற்றோல் ஷெட் வேலையை விட்ட அன்று, எதிர்ப்பக்கத்து ஷெட்டுக்கும் போய்ப் பயணம் சொன்னவர். ஊருக்கு மூன்று கிழமை போவதற்கு எட்டு வீடு ஏறி இறங்கி விடைபெற்று, பிளேனைத் தவறவிடப் பார்த்தவர்.

வாமதேவன் சேட்டுப் பொக்கற்றிலிருந்து மடித்த கடிதமொன்றை எடுத்தார். "நாங்கள் போறது தங்களுக்குக் கவலையாம். கீழ கையெழுத்தும் வைச்சிருக்கினம். பன்ரண்டு வருசம் கரண்ட் தந்தவை. வாசிச்சுப்போட்டுப் பேசாமல் போறதோ?"

"அது எல்லாருக்கும் அனுப்புற கடிதம்."

"கலியாணக் கார்ட்டும் எல்லாருக்கும்தான் அனுப்புறது. அதுக்குப் பதில் சொல்லுறேல்லையோ?"

"சரி, பயணம் சொன்னனீங்கள். பிறகு ஏன் நிண்டனீங்கள்?"

"லின்டா எண்டு ஒரு பிள்ளை. நல்ல மரியாதை. எங்களில என்ன குறை கண்டனீங்கள் எண்டு கேட்டுது. ஒரு குறையும் இல்லை எண்டன். அப்ப ஏன் போறியள், இருங்கோவன் எண்டுது. ரெண்டுதரம் மறுத்தனான். மூண்டாந்தரமும் கேட்டால் எப்பிடி மாட்டன் எண்டு சொல்லுறது?"

"முதல்முறையும் லின்டாவோ?"

"அது ஸ்டீவ். அந்தப் பெடியனும் தங்கம்."

"உங்கட மகள் மாமியோட நிக்கப்போறாளாம்."

கையிலிருந்த போஞ்சியை அவர் மெல்லக் கீழே வைத்தார். "என்னாலயோ?"

"பின்னை, லின்டாவாலயோ?"

மேசையில் கிடந்த நாரை ஒருபக்கமாக ஒதுக்கிக்கொண்டு, "இனிப் போன் எடுக்கமாட்டன்," என்றார். அந்தக் குரலைக் கேட்க அவளுக்கே பாவமாக இருந்தது. எடுக்காவிட்டால் மனிதர் சோறு தின்னமாட்டார். வெளிக்கிட்டவர்களைக் கையைப் பிடித்து இழுத்து, ஒருவாய் சாப்பிட்டுப் போங்கோ என்று அவளும் எத்தனை பேரை இருத்தியிருக்கிறாள். அவளிடம் தப்பிப் போனவர்கள் ஒரு சாதிதான்: வாசலில் நின்று ஹோர்ன் அடிக்க ஆள் வைத்திருந்தவர்கள்.

"எடுங்கோ," என்றாள். "ஆனா நான் பக்கத்தில நிப்பன்."

அன்பரசி மூன்றாம் முறை படிவம் நிரப்பினாள். இரண்டு கிழமையில் அதே கவலைக் கடிதம் வந்தது. வாமதேவன் அயர்ன் பண்ணின சேட்டைப் போட்டுக்கொண்டு போனடியில் இருந்தார். சந்திரவதனா கோட்டை மாட்டி, கைப்பையையும் எடுத்துக்கொண்டு முன்கதவடியில் நின்றாள்.

இந்தமுறை வேறொரு பிள்ளை. இவர் தன் இங்கிலீசில் வடிவாகத்தான் தொடங்கினார். குறை ஒன்றுமில்லை என்றார். ஓம், பன்னிரண்டு வருசம் என்றார். பிறகு மற்றப்பக்கம் பேசப் பேச, இவருடைய தலை மெல்ல ஆடத் தொடங்கியது. "அப்பிடியோ..." என்று இழுத்தார்.

சந்திரவதனா முன்கதவை அகலத் திறந்தாள். கார்த்திகைக் குளிர் உள்ளே பாய்ந்தது.

"இஞ்சருங்கோ, வாருங்கோ. வேன் நிக்குது."

அவர் திடுக்கிட்டு அவளைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், கைப்பையைப் பார்த்தார். முகம் தெளிந்தது.

"மன்னிக்கவேணும் பிள்ளை," என்று போனில் சொன்னார். "என்ர மனுசி கூப்பிடுறா. வேன் வந்திட்டுது. நாங்கள் வெளிக்கிடவேணும்."

ரிசீவரை வைத்தபின்னும் அதிலிருந்து கையை எடுக்கவில்லை.

"என்னவாம்?"

"கவனமாப் போங்கோவாம்." கொஞ்சம் பொறுத்து, "நல்ல பிள்ளை. வராத வேனை வந்ததெண்டு பொய் சொல்லிப்போட்டன்," என்றார்.

அந்தக் குறை, கொம்பனி மாறி முடியும்வரை, ஆறு கிழமை அவருக்கு இருந்தது. அன்பரசிக்கு இன்றோ நாளையோ என்றிருந்த ஒரு காலையில், புதுக் கொம்பனியின் வெள்ளை வேன் வாசலில் வந்து நின்றது. யன்னல் திரையை விலக்கிப் பார்த்த வாமதேவன், "இஞ்சேர், வேன் வந்திட்டுது," என்றார், கடன் தீர்ந்தவர்போல.

சந்திரவதனா எட்மண்டனுக்குப் போன் எடுத்தாள். "மீற்றர் கழட்டியாச்சு பிள்ளை. புதுசு பூட்டியாச்சு. உன்ர அறையும் அடுக்கி வைச்சிருக்கிறன்."

"உண்மையாவோ அம்மா? அப்ப ஆஸ்பத்திரியிலயிருந்து நேர அங்கதான் வாறன். அப்பா எங்க?"

சந்திரவதனா குசினிப்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"மீற்றர் பூட்ட வந்த மனிசன் வெளிக்கிட நிக்குது. உன்ர கொப்பர் சாப்பிட்டுப் போகச்சொல்லி மறிச்சு வைச்சிருக்கிறார்."

"விடச் சொல்லுங்கோ அம்மா, பாவம். அந்தாளுக்கு வேற வீடுகள் இருக்கும்."

"மூண்டாந்தரம் கேட்டாச்சு பிள்ளை," என்றாள் சந்திரவதனா. "மனிசன் இருந்திட்டுது."