வாத்தியாரின் மொட்டை டயர்

தெருவில் எல்லோரும் அவரை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்துப் பக்கம் அவர் பிழைப்புக்காக ஒதுங்கியதே கிடையாது. வண்டி ஓட்டக் கற்றுத்தரும் பயிற்சி நிலையத்தில் வேலை. லைசென்ஸ் எடுக்க வருகிறவர்களை முதல் நாள் பெஞ்சில் உட்கார வைத்து, சுவரில் தொங்கும் படத்தைக் குச்சியால் தட்டித் தட்டி, வண்டியைத் தொடுவதற்கு முன்னால் அதை ஒரு சுற்று சுற்றி வந்து பார்க்க வேண்டும் என்று தொடங்குவார். விளக்கு, கண்ணாடி, பிரேக் என்று வரிசையாகப் போய்க் கடைசியில் டயருக்கு வருவார். அங்கே மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார். ரோட்டுக்கும் உங்கள் உயிருக்கும் நடுவில் இருப்பது உள்ளங்கை அகல ரப்பர்தான் என்பார். கேட்கிறவர்களுக்குப் புல்லரிக்கும்.

அவர் மனைவிக்குச் சிரிப்புதான் வரும். வாத்தியாருடைய சொந்த பைக்கின் பின் டயர் அவர் உச்சந்தலையைவிட மொட்டை.

அவள் ஒரு பேக்கரியில் கேக் அலங்கரிக்கிறவள். கிரீமில் ரோஜாப்பூ வைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அங்கே எல்லோருக்கும் அவள் கிரீம் அக்கா. கேக்கின் பக்கவாட்டில் ஒரு கோடு, ஒரு பள்ளம் இல்லாமல் கத்தியால் வழித்து வழித்துச் சமப்படுத்துவதுதான் அவளுக்கு நாள் முழுக்க வேலை. அப்படி வழவழவென்று இருக்க வேண்டியது கேக். தன் வீட்டு வாசலில் டயர் அப்படி இருப்பதைத் தினமும் தாண்டித்தான் அவள் வேலைக்குக் கிளம்பினாள்.

பைக்கை வாத்தியார் கவனிக்காமல் விட்டார் என்று யாரும் சொல்லிவிட முடியாது. காலையில் பல் விளக்குகிறாரோ இல்லையோ, பழைய பனியனை எடுத்துக்கொண்டு போய் பெட்ரோல் டேங்க்கைத் தேய்ப்பார். தன் மூஞ்சி அதில் தெரிகிற வரைக்கும் விடமாட்டார். தெரிந்த பிறகு மீசையை ஒதுக்கிக்கொள்வார். சீட் உறை மாற்றினார். ஹாரன் மாற்றினார். அடியில் நீல வெளிச்சம் அடிக்கிற விளக்கு ஒன்று வைத்தார், யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள் என்று தெரியவில்லை. டயர் மட்டும் அப்படியே கிடந்தது. அதன் வெட்டுக்கோடுகள் எப்போதோ தேய்ந்து காணாமல் போய்விட்டன. நடுவில் ஓரிடத்தில், நைந்த சட்டைக் காலரில் தெரிவதுபோல உள்நூல் வெள்ளையாக எட்டிப் பார்த்தது.

சொல்லிப் பார்த்தாள். அவரிடம் எதற்கும் பதில் தயாராக இருந்தது. பந்தயத்தில் ஓடுகிற பைக்குகளுக்கு டயர் வழவழப்பாகத்தான் இருக்கும், அவர்களெல்லாம் முட்டாள்களா என்று கேட்டார். டயரில் கோடு போடுவதே சீக்கிரம் தேய்ந்து நாம் மறுபடி வாங்க வேண்டும் என்பதற்காகக் கம்பெனிக்காரர்கள் செய்கிற தந்திரம் என்றார். அடிக்கடி பஞ்சர் ஆகும். வேர்க்க விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டு வந்து, பஞ்சர் கடைக்காரர்களே ரோட்டில் ஆணி தூவுகிறார்கள் என்பார்.

ஒருமுறை அவளுடைய தம்பி வந்திருந்தான். எலக்ட்ரிக் கடையில் வேலை செய்கிறவன், கொஞ்சம் வாய் அதிகம். பைக்குக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கையால் தடவிப் பார்த்தான்.

"மாமா, இது டயரா, இல்ல டியூபுக்குப் போட்டுவிட்ட பனியனா?"

"வண்டிய டயரா ஓட்டுது மாப்ள? கை ஓட்டுது," என்று வாத்தியார் கையைத் தூக்கிக் காட்டினார். தம்பி அக்காவைப் பார்த்தான். அவள் சாப்பிட வரச் சொன்னாள். அந்தக் கையை எத்தனை தடவைதான் பார்ப்பது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. கல்யாண வரவேற்பு ஒன்றுக்குக் கேக் போக வேண்டியிருந்தது. நேரம் பார்த்து பேக்கரி வேன் படுத்துவிட்டது. முதலாளி வாடகைக் கார் பிடிக்க போனைக் காதில் வைத்தபோது, மனைவியைக் கூட்டிப்போக வந்திருந்த வாத்தியார் குறுக்கே புகுந்தார். தான் இருக்கும்போது வாடகைக் கார் எதற்கு, தான் ஓட்டினால் கேக்கில் ஒரு பூ ஆடாது என்றார். வண்டி ஓட்டக் கற்றுத்தருகிறவரே சொன்னபின் முதலாளி என்ன செய்வார்? போனைக் கீழே வைத்துவிட்டார்.

அவள் மெதுவாகச் சொன்னாள், வானம் கறுத்திருக்கிறது, கார் வரட்டும் என்று.

"இவ எப்பவும் இப்படித்தான் சார். நான் ஓட்டுவேன், இவ பின்னாடி உக்காந்து பிரேக் போடுவா," என்றார் வாத்தியார்.

எல்லோரும் சிரித்தார்கள். அடுப்பு வேலை பார்க்கிறவர்கூட எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். அத்தனை பேர் சிரிக்கிற இடத்தில் மாட்டேன் என்று நிற்பது பெரிய சண்டையாகிவிடும் என்று தோன்றியது. அவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். இரண்டு கையும் பெட்டியில். பிடித்துக்கொள்ள வேறு கை இல்லை.

சந்தைக்குக் கீழே ரோடு சரிவாக இறங்கித் திரும்பும். அங்கே வந்தபோது தூறல் விழுந்தது. பெருமழை என்றால்கூடப் பரவாயில்லை, ரோட்டைக் கழுவிவிடும். இது புழுதியைக் குழைத்துப் பூசுகிற தூறல். முன்னால் போன பஸ் ஒன்று ஆளை ஏற்ற நின்றது. ஈரத்தில் பிரேக்கை மெல்ல மெல்ல அழுத்த வேண்டும் என்று நூறு பேருக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர், காலால் ஓங்கி மிதித்தார்.

சக்கரம் நின்றது. பைக் நிற்கவில்லை. தண்ணீரை ஒதுக்கித் தள்ளக் கோடுகள் இல்லாத டயர், சோப்புக்கட்டி போல வழுக்கிக்கொண்டு கிளம்பியது. முன்பக்கம் பஸ்ஸைப் பார்த்தும் பின்பக்கம் செருப்புக்கடையைப் பார்த்தும் போனதாகத்தான் அவளுக்கு ஞாபகம். பெட்டி கையைவிட்டுப் போனது. அவள் வலது கையைத் தரையில் ஊன்றினாள். காய்ந்த குச்சி ஒடிகிற சத்தம் ஒன்று கேட்டது. அது தன் மணிக்கட்டு என்று புரியச் சற்று நேரம் ஆயிற்று.

செருப்புக்கடைக்காரம்மா ஓடி வந்து அவளைத் தூக்கி ஸ்டூலில் உட்கார வைத்தாள். வாத்தியாருக்கு முழங்காலில் சிராய்ப்பு. எழுந்தார், பைக்கை நிமிர்த்தினார். டேங்க்கில் ஒரு நசுங்கல். அதைச் சட்டைக் கையால் இரண்டு முறை துடைத்துப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் மனைவி பக்கம் திரும்பினார். வலியில் அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவர் துடைத்ததை நன்றாகப் பார்த்தாள்.

"ரோட்ல ஆயிலக் கொட்டி வச்சிருக்கானுங்க," என்றார்.

"ஆயில் ஒண்ணுமில்லீங்க, வெறும் தண்ணிதான்," என்றாள் செருப்புக்கடைக்காரம்மா. அவள் பார்வை பின் சக்கரத்துக்குப் போனது. வாத்தியார் ஒரு அடி நகர்ந்து சக்கரத்துக்கு முன்னால் நின்றுகொண்டார்.

கல்யாண கேக் பஸ்ஸுக்கு அடியில் கிடந்தது. பஸ் அதன்மேல் ஏறிப் போனது.

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டு எலும்பு உடைந்திருப்பதாகச் சொல்லி, விரல் முட்டியிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டுப் போட்டார்கள். எப்படி விழுந்தீர்கள் என்று டாக்டர் அவளைத்தான் கேட்டார். பதில் வாத்தியாரிடமிருந்து வந்தது. வேகம், சரிவு, திருப்பத்தின் கோணம் என்று அவர் விளக்க விளக்க, டாக்டர் அவளிடம் திரும்பி விரலை அசைக்கச் சொன்னார்.

விசாரிக்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவர்களுக்கு ரோட்டில் எண்ணெய் இருந்தது. சாயங்காலம் வந்தவர்களுக்கு எண்ணெயோடு ஒரு நாயும் குறுக்கே வந்தது. மறுநாள் நாயைக் காணோம், எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு லாரி வந்தது. லாரி வந்த பிறகு கதைக்கே ஒரு களை வந்துவிட்டது. எந்தப் பக்கம் சாய்த்தால் அடி குறையும் என்று நொடியில் கணக்குப் போட்டுச் சாய்த்தாராம். வேறு யார் ஓட்டியிருந்தாலும் இவள் இன்றைக்கு உயிரோடு இருக்க மாட்டாளாம். வந்தவர்கள் அவளைப் பார்த்து, உன் வீட்டுக்காரர் புண்ணியத்தில் கையோடு போயிற்று என்றார்கள். அவள் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. தலைவாரக்கூடக் கை வராமல், கல்லூரிக்குப் போகிற மகள் தினமும் பின்னிவிட உட்கார்ந்திருக்கிற நிலையில், லாரி ஓட்டி வருகிறவரோடு யார் மல்லுக்கு நிற்பது.

பேக்கரியிலிருந்து போனில் ஒரு படம் அனுப்பியிருந்தார்கள். அவள் இடத்தில் வேறொருத்தி வைத்த ரோஜாக்கள். முட்டைக்கோஸ் மாதிரி இருந்தன. அன்றைக்குத்தான் அவளுக்கு அழுகை வந்தது.

ஒரு வாரம் கழித்து வாத்தியார் பைக்கை மெக்கானிக் கடைக்குக் கொண்டுபோனார். போகட்டும், இப்போதாவது புத்தி வந்ததே என்று அவளுக்கு லேசாக மனம் இளகியது. சாயங்காலம் திரும்பி வந்து வாசலிலிருந்தே கூப்பிட்டார். போய்ப் பார்த்தாள். டேங்க்கில் நசுங்கல் இருந்த இடமே தெரியவில்லை. புதுப் பெயின்ட். அதன்மேல் பாயும் சிறுத்தை ஒன்றின் ஸ்டிக்கர். அவள் குனிந்து கீழே பார்த்தாள். அதே டயர். நூல் இன்னும் கொஞ்சம் அதிகமாக வெளியே வந்திருந்தது.

டயர் என்னாயிற்று என்று கேட்டாள்.

"மழைக்காலம் முடியட்டும். வெயில்ல இது சும்மா ரோட்ட ஒட்டிக்கிட்டு ஓடும்," என்றார் வாத்தியார்.

அவள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். கிண்டல் செய்கிறாரோ என்றுதான். இல்லை, மனதாரச் சொல்கிறார். இந்த ஆளோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறோமே என்று தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

மறுநாள் விடிந்தபோது ரோடு முழுக்க ஈரம். மகள் கல்லூரி பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டாள். அதற்கென்ன, நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று கிளம்பினார் வாத்தியார். மகள் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று அம்மாவைப் பார்த்தாள். போகாதே என்றாள் அம்மா. உங்கம்மாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது, நீ வா என்று சொல்லிவிட்டு அவர் ஹெல்மெட் எடுக்க உள்ளே போனார்.

அவள் சமையலறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது இடது கையில் கேக் சீவுகிற நீளக் கத்தி இருந்தது. மகள் நகர்ந்து வழிவிட்டாள். அவள் பைக்குக்குப் பின்னால் மண்டியிட்டு, நூல் தெரிகிற இடத்தில் கத்தி முனையை வைத்து, உடம்பைச் சாய்த்து அழுத்தினாள். நிறையப் போராட வேண்டியிருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அதற்கு வேலையே இல்லை. ஸ்பான்ஜ் கேக்கில் இறங்குவதுபோலக் கத்தி இறங்கியது. காற்று சீறிக்கொண்டு வந்து அவள் முகத்தில் அடித்தது. சிறுத்தையோடு சேர்ந்து பைக் தரைக்கு உட்கார்ந்தது.

ஹெல்மெட்டோடு வந்த வாத்தியார் படியிலேயே நின்றுவிட்டார்.

"என்ன பண்ணின?"

"டயர் எப்படி இருக்குன்னு பாத்தேன்," என்றாள். எழுந்திருக்க முடியாமல் மகள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு இடது கையில வெண்ணெய் வெட்டக்கூட வராது. ஒரே அழுத்து, உள்ள போயிடுச்சு. இதுமேலதான் என் பொண்ண உக்கார வைக்க இருந்தீங்க."

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பக்கத்து வீட்டுக்காரர் செய்தித்தாளை மடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். வாத்தியார் குரலைத் தாழ்த்தி, உள்ளே போய்ப் பேசிக்கொள்ளலாம் என்றார்.

"இங்கயே பேசலாம். லாரிக் கதைய இங்கதானே எல்லாருக்கும் சொன்னீங்க? லாரியும் வரல, நாயும் வரல. டயர்ல ஒண்ணுமே இல்ல, அதான் விழுந்தோம்."

பக்கத்து வீட்டுக்காரர் டயரைப் பார்த்தார், மாவுக்கட்டைப் பார்த்தார், பிறகு எதையும் பார்க்காததுபோல உள்ளே போனார். மகள் தெருமுனைக்குப் போய் ஆட்டோ பிடித்தாள். வாத்தியார் வெகுநேரம் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றிருந்தார். அதன் உள்ளே முகம் எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. பிறகு பைக்கைத் தள்ளிக்கொண்டு போனார்.

மத்தியானம் இரண்டு புது டயர்களோடு வந்தது பைக். ரப்பர் மயிர் இன்னும் உதிராத டயர்கள். நானே மாற்றுவதாகத்தான் இருந்தேன், அதற்குள் அவசரம் என்று முணுமுணுத்தார்.

அத்தோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் வாத்தியாராக இருக்க முடியாது. அடுத்த வாரமே தெருவில் நிற்கிற பைக்குகளுக்கு முன்னால் குந்தி உட்கார ஆரம்பித்தார். டயர் இடுக்கில் தீக்குச்சியைச் செருகிப் பார்த்து, குச்சி முங்கவில்லையே, மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு போகிறீர்களே, உங்களுக்கு மனசாட்சி இல்லையா என்று பக்கத்து வீட்டுக்காரரையே கேட்டார். மகளின் தோழி ஒருத்தி பயிற்சி நிலையத்தில் சேர்ந்திருந்தாள். வகுப்பில் சார் ஒரு நிஜக் கதை சொன்னார் என்று அவள் வந்து சொன்னாள். அவருக்குத் தெரிந்த ஒருத்தராம். பிடிவாதக்காரராம், யார் சொன்னாலும் கேட்காத ஜென்மமாம். மொட்டை டயரில் ஓட்டிப் பெண்டாட்டி கையை உடைத்துவிட்டாராம். அந்த ஆளை நினைத்தாலே தனக்கு ஆத்திரமாக வருகிறது என்று சார் சொன்னாராம். மகள் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினாள். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஆளைத் தனக்கும் தெரியும் என்று மட்டும் சொன்னாள்.

மாவுக்கட்டைப் பிரித்தபோது கை மெலிந்து, தோல் உரிந்து, வேறு யாருடைய கையோ போல இருந்தது. மணிக்கட்டு முழுதாகத் திரும்பவில்லை. பழகப் பழகச் சரியாகும் என்றார் டாக்டர். வேலைக்குக் கிளம்பிய முதல் நாள் வாசலில் வாத்தியார் பைக்கை உறும விட்டுக்கொண்டு காத்திருந்தார்.

"உக்காரு. புது டயர்தான்."

"பாத்தேன். நல்லா இருக்கு," என்று சொல்லிவிட்டு அவள் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். அவர் பக்கத்திலேயே பைக்கை உருட்டிக்கொண்டு வந்தார். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றார். நான் இப்போது எவ்வளவு கவனமாக ஓட்டுகிறேன் தெரியுமா என்றார். பஸ் வருகிற வரைக்கும் பேசிக்கொண்டே இருந்தார். அவள் ஏறினாள். உட்கார இடமில்லை. பழக்க தோஷத்தில் வலது கையால் கம்பியைப் பிடித்தாள். சுருக்கென்று வலித்தது. இடது கைக்கு மாற்றிக்கொண்டாள், பஸ் கிளம்பியது.