மூன்று பெண்களுக்கு ஓர் ஆண்

பனியில் கனத்த கல்லைச் சறுக்கி விடும் கர்லிங் ஆட்டத்தில், கல்லைத் தள்ளப் போன லோர்ன் மூன்றாவது முறையாகப் பனித்தரையில் விழுந்தான். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அக்கா ஆர்டிஸ் காபியைக் கீழே வைத்தாள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு வியாதியோடு பதினெட்டு வருடமாகக் குடித்தனம் நடத்துகிறவள். இந்த இடறல் அவளுக்குத் தெரியாதா?

"ஷூ வழுக்கிடுச்சுக்கா," என்றபடி வந்தான் லோர்ன். சறுக்குவதற்காக இடது ஷூவின் அடியில் ஒட்டியிருக்கும் தகடுதான் ஒரு வருடமாக எல்லாப் பழியையும் சுமந்தது.

"போன வாரம் மளிகைக் கடையில விழுந்தியே, அங்கேயும் தகடா?"

"தரை ஈரம்."

"கை மரத்துப்போகுதே?"

"டிராக்டர் அதிருது."

"டேய், ஸஸ்கட்டூன்ல என் டாக்டர்கிட்ட வா. சீக்கிரம் கண்டுபிடிச்சா மோசமாகாம இருக்க மருந்து இருக்கு. எனக்குத்தான் லேட்டாயிடுச்சு."

"அது பொம்பளைங்க வியாதிக்கா."

"மூணு பொம்பளைக்கு வந்தா ஒரு ஆம்பளைக்கும் வருதுடா. நம்ம வீட்டுல ஜோன் அத்தை, அவங்க பொண்ணு கேரல், நான். மூணாச்சு. அடுத்து நீ!"

கணக்கு அப்படி ஓடாது என்று அவளுக்கும் தெரியும். கூடப்பிறந்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு வந்தாலே அதிகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால், லோர்னிடம் செல்லுபடியாவது நக்கல் மட்டும்தான்.

"அப்பாவோட நிலம் மட்டும் உனக்கு வேணும், நரம்பு மட்டும் எனக்கா?"

"சனிக்கிழமை போட்டி. நான்தான் கேப்டன். டாக்டர் ஏதாவது சொல்லிட்டா பசங்க உட்கார வச்சிடுவாங்க," என்றான் லோர்ன், குரல் இறங்கி.

"அப்போ ஷூவைக் கழட்டு. இந்தக் கோட்டு மேல நேரா நட. நடந்துட்டா நான் வாயே திறக்கல."

நடந்தான். நாலாவது அடியில் பக்கவாட்டில் சாய்ந்து, பலகார மேஜையில் வலது கையை ஊன்றிக்கொண்டான்.

"பாத்தியா, விழலை!"

"கையைப் பாருடா."

பார்த்தான். மணிக்கட்டு வரை பெர்ரிப் பழப் பலகாரத்துக்குள் புதைந்திருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை.

மேஜைக்குப் பின்னாலிருந்த கிளப் செயலாளர் அம்மாள்கூட பலகாரம் பாழானதற்காகச் சண்டை போடவில்லை. லோர்ன் வெகுநேரம் கையைத் துடைத்தான்.

"வெள்ளிக்கிழமை டாக்டர் இருப்பாரா?"

"இருப்பாரு."

"அப்புறம்... நீ நின்னுக்கிட்டே கல்லைத் தள்ளுவியே, அந்தக் கோல். சனிக்கிழமைக்குக் குடு."

"கிழவிங்க கோல்னு சிரிச்சியே?"

"மூணு கிழவிக்கு ஒரு கிழவன்," என்றான் லோர்ன்.