வெள்ளைக் கற்றை

பார்லரில் மற்றவர்களுக்கு டை அடிக்கும்போது அவள் ஊர்க்கதை பேசிக்கொண்டே அடிப்பாள். தன் தலைக்கு அடிக்கும்போது மட்டும் கதவைத் தாழ் போட்டுக்கொள்வாள். நெற்றிக்கு நேர் மேலே இரண்டு விரல் அகலத்துக்குப் பிறவியிலேயே வெள்ளை முடி. பள்ளிக்கூடத்தில் "கிழவி, கிழவி" என்று கூப்பிட்டே உயிரை வாங்கினார்கள். பதினாறு வயதில் அதைக் கறுப்பாக்கினாள். அன்றிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை டை. கட்டின புருஷனுக்கே தெரியாது. ஆறு வருஷம் பக்கத்தில் படுத்தும் அந்த மனுஷன் கண்டுபிடிக்கவில்லை என்றால் அவன் கண்ணை என்னவென்று சொல்வது!

அவர்கள் மகளுக்கு மூன்று வயது. செய்கிற சேட்டைக்கு 'வாலு' என்றே பேர் நிலைத்துவிட்டது. பிறந்ததிலிருந்தே காது கேட்கவில்லை. கருவி மாட்டியும் பலனில்லை. எல்லாவற்றுக்கும் அவளாகவே ஒரு ஜாடை வைத்திருந்தாள். தண்ணீருக்குக் கட்டைவிரல், அப்பாவுக்கு மீசையைத் தடவுவது. அம்மாவுக்கு மட்டும் ஒன்றுமில்லை. துணியைப் பிடித்து இழுப்பதோடு சரி. பக்கத்து வீட்டுப் பிள்ளை "அம்மா" என்று கத்தினால் பெற்றவள் திரும்பிப் பார்ப்பாள், பிறகு தன்னையே திட்டிக்கொள்வாள். தனக்கென்று ஒரே ஒரு கூப்பாடு கிடைக்காதா என்று ஏங்கிக் கிடந்தாள்.

அவள் புருஷன் கதை வேறு. லேத் பட்டறையில் பத்து வருஷம் வேலை பார்த்தவன். அவள் மாசமாக இருந்தபோது மத்தியானச் சாப்பாட்டைப் பட்டறைக்குக் கொண்டுபோவாள்.

"நான்தானே உன்ன வரச் சொன்னேன்? அந்த இரும்புச் சத்தம்தான் பிள்ளை காதைத் தின்னுடுச்சு" என்று தலையில் அடித்துக்கொள்வான். கைவந்த வேலையை விட்டுவிட்டு ஒரு கிடங்குக்குக் காவல் இருக்கப் போய்விட்டான்.

அன்று காலை புதிய டாக்டர் ஒருவர் வாலுவின் நெற்றி முடியை விலக்கினார். அங்கேயும் ஒரு வெள்ளைக் கற்றை; அம்மா தினமும் மேல்முடியை வாரி மறைத்துவிடுவது.

"இந்த முடியும் காது கேளாமையும் சேர்ந்து பரம்பரையா வர்றதுண்டு. ஒருத்தருக்கு முடியோட நின்னுடும், இன்னொருத்தருக்குக் காதும் போயிடும். உங்க வீட்டுல யாருக்காவது இப்படி இருக்கா?"

"ரெண்டு பக்கமும் யாருக்கும் இல்ல டாக்டர்" என்றான் அவன். அவள் குனிந்து வாலுவின் முடியைப் பழையபடி வாரி மூடினாள்.

வெளியே வந்ததும் அவன் தன் கைகளையே பார்த்தான். "அப்ப பட்டறைதான்" என்றான்.

அவள் நேராகப் பார்லருக்குப் போனாள். டை அடிக்க வேண்டிய நாள்தான். தாழ் போட்டாள், கிண்ணத்தில் கலந்தாள், பிரஷ்ஷை எடுத்தாள். அவன் கைகளைப் பார்த்தது நினைவுக்கு வந்தது. பிரஷ்ஷை வைத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்து நெற்றிக்கு மேலே டை ஏறிக் கறுத்த முடியை மட்டும் ஒட்ட வெட்டினாள். மூன்று வாரத்து வெள்ளை முடி குச்சி குச்சியாக நின்றது. பார்க்கச் சகிக்கவில்லை. அப்படியே வீட்டுக்குப் போனாள்.

"என்னது இது?" என்றான் அவன்.

"என் முடிதாங்க. பொறந்ததுலேர்ந்தே இப்படித்தான். உங்க பட்டறை ஒண்ணும் பண்ணல. என்கிட்டேர்ந்து வந்தது."

அவன் தன் கைகளை ஒருமுறை பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"டாக்டர் கேட்டப்பகூட வாயைத் திறக்கலியே நீ" என்றான். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கோபப்பட அவனுக்கு எல்லா நியாயமும் உண்டு.

வாலுவுக்கு அதெல்லாம் கணக்கில்லை. நாற்காலியில் ஏறி அம்மாவின் வெள்ளை முடியைத் தொட்டாள். தன் நெற்றியைத் தொட்டாள். மறுபடி அம்மாவுடையது, மறுபடி தன்னுடையது. கண்டுபிடித்த சந்தோஷத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் பிள்ளையை இறக்கிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

அரிசி களைந்துகொண்டிருந்தபோது அவன் சமையலறை வாசலில் வந்து நின்றான். பக்கத்தில் வாலு. இரண்டு விரலை நெற்றி முடியில் வைத்துத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"என்கிட்ட வந்து இதையேதான் காட்டிக்கிட்டு இருந்தா. எனக்கு மொதல்ல புரியல" என்றான் அவன். "உன்னத்தான் கூப்பிடுறா."